அருவியும் நீர்வீழ்ச்சியும்: குற்றால வழக்கை முன்வைத்து ஒரு சொற்பொருள் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தின் ‘ஃபால்’ என்னும் எளிய சொல் தமிழில் ‘வீழ்ச்சி’ என்றும், அதனைக் கொண்டு அமைந்த ‘வாட்டர்ஃபால்’ என்பது ‘நீர்வீழ்ச்சி’ என்றும் நிலைபெற்றுள்ளன. நீர்வீழ்ச்சியும் அருவியும் ஒருபொருட் பன்மொழியாகப் பாடநூல்களிலும் உரைகளிலும் கையாளப்படுகின்றன. தென்காசி, குற்றாலம் பகுதியின் பெயர்வழக்கையும் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியையும் சான்றாகக் கொண்டு, இவ்விரு சொற்களும் ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்கக்கூடியனவா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அருவி, நீர்வீழ்ச்சி, வீழ்தல், இழிதல், குற்றாலக் குறவஞ்சி, சொற்பொருள் மாற்றம்.

முன்னுரை

தென்காசி மாவட்டம் 2019ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதன் மேற்கெல்லையாகிய திரிகூட மலையில் சிற்றாற்றின் நீர் பல இடங்களில் பாறையை விட்டு இறங்குகிறது. அவ்விடங்கள் பேரருவி, சிற்றருவி, செண்பகாதேவி அருவி, தேனருவி, ஐந்தருவி, புலி அருவி, பழத்தோட்ட அருவி, பழைய குற்றால அருவி எனப் பெயர் பெற்றுள்ளன. இப்பெயர்களுள் ஒன்றேனும் ‘நீர்வீழ்ச்சி’ என முடியவில்லை. சுற்றுலாக் கையேடுகளும் பொது அறிவு நூல்களும் ‘குற்றால நீர்வீழ்ச்சி’ என்று எழுதினாலும், அந்நீரில் குளிக்கும் ஊர்மக்களின் பேச்சில் அச்சொல் இடம்பெறுவது அரிது.

ஊர்வழக்கில் வேறொன்று நிகழ்ந்துள்ளது. பேரருவியை மக்கள் ‘மெயினருவி’ என்கின்றனர். நாளிதழ்களும் அவ்வாறே அச்சிடுகின்றன. ‘மெயின் ஃபால்ஸ்’, ‘ஃபைவ் ஃபால்ஸ்’ என்பன வெளியூர்ப் பயணியரிடமும் வாகன ஓட்டுநர்களிடமும் வழங்குகின்றன. மெயினருவி என்னும் கலப்புத்தொடரில் அடைமொழி ஆங்கிலம், பெயர் தமிழ். தூய தமிழை விழைவோர் இத்தொடரைக் கண்டு முகஞ்சுளிப்பர். அவர்களே ‘நீர்வீழ்ச்சி’ என்பதைத் தயக்கமின்றி எழுதுவர், நீர், வீழ்ச்சி இரண்டும் தமிழ்ச்சொற்களாதலின். கடன்சொல் கலந்த மெயினருவி தமிழின் பொருள்நோக்கை மாற்றவில்லை. முழுவதும் தமிழால் ஆன நீர்வீழ்ச்சி அதனை மாற்றுகிறது. சொல்லின் தோற்றத்தைக் கொண்டு தூய்மையை அளக்கும் முறை இங்குப் பயன்படாது.

‘ஃபால்’ என்னும் சொல்லும் தமிழின் வினைகளும்

ஆங்கிலத்தில் நீர் மேலிருந்து கீழே வருவதைக் குறிக்கும் முதன்மைச் சொற்கள் பெரும்பாலும் விழுதலையே அடியாகக் கொண்டவை. ‘வாட்டர்ஃபால்’ வெளிப்படையானது. ‘காஸ்கேட்’ இத்தாலியத்தின் வழி வந்து, விழுதலைக் குறிக்கும் இலத்தீன் வினையில் சென்று முடிகிறது. ‘கேட்டராக்ட்’ கிரேக்கத்தில் கீழ்நோக்கிப் பாய்வதைக் குறித்த சொல். கண்புரைக்கும் அதுவே பெயராயிற்று. செருமானியத்தின் ‘வாஸர்ஃபால்’, பிரெஞ்சின் ‘ஷூட்’ ஆகியவையும் இவ்வகையினவே. ஆங்கிலத்தில் ஒரேயொரு அருவியையும் ‘ஃபால்ஸ்’ எனப் பன்மையில் சொல்லும் வழக்கம் உண்டு; பலவாக நிகழும் விழுதல்கள் சேர்ந்து ஓரிடத்தின் பெயராகின்றன. வடமொழியின் ‘ஜலபாதம்’, ‘பிரபாதம்’ ஆகியவையும் விழுதலை அடியாகக் கொண்டவை. எனவே நீர்வீழ்ச்சி ஆங்கிலத்தைப் பார்த்து அமைந்ததாயினும் வடமொழியைப் பார்த்து அமைந்ததாயினும் விளைவு ஒன்றே. நீர் என்ன ஆகிறது என்பதைச் சொல்லி இடத்துக்குப் பெயரிடும் முறை அது.

‘ஃபால்’ என்னும் வினை செல்லும் இடமெல்லாம் தமிழில் ஒரே வினை செல்வதில்லை. இலை உதிரும், மழை பெய்யும், கண்ணீர் சிந்தும், பொழுது சாயும், இருள் கவியும், மண் சரியும், ஆட்சி கவிழும், காய்ச்சல் இறங்கும். அமெரிக்க ஆங்கிலத்தில் ‘ஃபால்’ என்னும் பருவப்பெயர் தமிழில் இலையுதிர்காலம் ஆனதே தவிர ‘இலைவீழ்ச்சிக் காலம்’ ஆகவில்லை. அங்கே மொழிபெயர்த்தோர் தமிழ் வினையைத் தேடினர். அருவிக்கு அத்தேடலே வேண்டியிருக்கவில்லை. பெயர் முன்பே இருந்தது.

‘வீழ்ச்சி’ என்னும் சொல் இன்று விலைவீழ்ச்சி, பங்குச்சந்தை வீழ்ச்சி, பேரரசின் வீழ்ச்சி எனத் தாழ்வுப்பொருளில் பெருவழக்காக உள்ளது. இதனைக் காட்டி, எழில்மிகு அருவிக்கு வீழ்ச்சி என்று பெயரிடுதல் பொருந்தாது என வாதிடுவது எளிது. அவ்வாறு வாதிடப்படுவதும் உண்டு. இவ்வாதம் வலுவற்றது. ‘வீழ்’ என்னும் அடி பழந்தமிழில் தாழ்வை மட்டும் குறிக்கவில்லை. ஆலின் விழுது ‘வீழ்’ எனப்பட்டது. திருக்குறளின் காமத்துப்பாலில் ‘வீழ்வார்’ என்பது காதலிப்போரைக் குறிக்கும். மறுபுறம், அருவியோடு சங்கப்புலவர் பயன்படுத்திய ‘இழிதல்’ என்னும் வினையும் தாழ்வுப்பொருளைத் தவிர்த்ததன்று. ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களை இரப்போர் நிலைக்கேற்ப வகுக்கும் தொல்காப்பிய நூற்பாவிலேயே ‘இழிந்தோன்’ தாழ்ந்தவன் என்னும் பொருளில் வந்துள்ளது. இறங்குதலும் தாழ்தலும் ஒரே சொல்லில் உடனிருந்த காலத்திலும் அருவி இழிந்தது. எவருக்கும் அது உறுத்தவில்லை. ஆகவே நீர்வீழ்ச்சியின் குறை அதன் மங்கலமின்மையில் இல்லை.

அருவியின் தொழில்கள்

திருமுருகாற்றுப்படை பழமுதிர்சோலை மலையின் அருவியோடு முடிகிறது. அவ்விறுதிப் பகுதியில் அருவி துகிற்கொடிபோல் அசைகிறது, அகிலைச் சுமக்கிறது, சந்தன மரத்தை உருட்டுகிறது, மூங்கிலை வேரோடு பெயர்க்கிறது, தேனடையைச் சிதைக்கிறது, பலாச்சுளையைத் தன்னுள் கலந்துகொள்கிறது, விலங்குகளையும் பறவைகளையும் கலங்கச் செய்கிறது. இத்தனை வினையெச்சங்களுக்கும் பிறகே இழிதல் என்னும் வினை வருகிறது. அருவி அங்கே எழுவாய். இறங்குதல் அதன் தொழில்களுள் ஒன்று. கடைசியில் வைக்கப்பட்ட ஒன்று. அவ்விடத்தில் ‘நீர்வீழ்ச்சி’ என்னும் தொழிற்பெயரை எழுவாயாக வைத்துப் படித்தால், விழுதல் சுமக்கிறது, விழுதல் உருட்டுகிறது என்றாகும். உரைநடையாக்கம் செய்வோர் இதனை உணர்ந்தோ உணராமலோ ‘நீர்வீழ்ச்சியானது’ என்று ஓர் ‘ஆனது’ சேர்த்துச் சமாளிக்கின்றனர்.

குற்றாலக் குறவஞ்சி இன்னும் தெளிவான சான்று. பதினெட்டாம் நூற்றாண்டினதாகிய இந்நூலின் ஆசிரியர் குற்றாலத்தை அடுத்த மேலகரத்தைச் சேர்ந்தவர். குற்றாலத் தலபுராணத்தையும் இயற்றியவர். அருவிகளை நாள்தோறும் கண்டு வாழ்ந்த புலவர் எனக் கொள்வதில் தவறில்லை. வசந்தவல்லியிடம் குறத்தி மலைவளம் கூறும் பகுதியில், தேனருவியின் அலை மேலெழும்பி வானின் வழியே ஒழுகுகிறது. அதனால் கதிரவனின் குதிரைகளின் கால்கள் வழுக்குகின்றன. தேரின் உருளைகளும் வழுக்குகின்றன. பள்ளி மாணவரும் அறிந்த இப்பாடலில் அருவி மேல்நோக்கிச் செல்கிறது. வீழ்தற்குரிய வினை எதுவும் அவ்வடியில் இல்லை.

உயர்வுநவிற்சி என்று மட்டும் கூறி இதனைக் கடந்துவிடுதல் போதாது. அவ்வுயர்வுநவிற்சிக்கு நிலத்தில் அடிப்படை உண்டு. பேரருவி ஒரே தாவலில் தரையை அடைவதில்லை. இடையில் பாறைக்குடைவு ஒன்றில் விழுந்து, அங்கே கொந்தளித்து நிரம்பி, பின்னரே வெளியே பொங்கி இறங்குகிறது. அக்குடைவின் பெயர் பொங்குமாங்கடல். புவியியலார் நீரின் விழுதலால் தோண்டப்பட்ட பள்ளம் என விளக்கும் ஒன்றை, ஊர்மக்கள் பொங்குதலால் பெயரிட்டனர். கவிராயர் தேனருவிக்குச் சொன்ன எழுச்சியும், மக்கள் பேரருவியின் குடைவுக்கு இட்ட பெயரும் ஒரே பார்வையிலிருந்து பிறந்தவை. அருவியின் முன் நிற்பவருக்கு முதலில் புலனாவது முகத்தில் அறையும் திவலையும் மேலெழும் நீர்ப்புகையுமே.

இப்பார்வை குற்றாலத்துக்கு மட்டும் உரியதன்று. காவிரியின் ஒகேனக்கல், புகையையும் கல்லையும் குறிக்கும் கன்னடச் சொற்களால் ஆன பெயர். எழும் நீர்த்திவலையே அதற்குக் காரணம். ஆப்பிரிக்காவின் சாம்பசி ஆற்றில் 1855ஆம் ஆண்டு டேவிட் லிவிங்ஸ்டன் கண்டு விக்டோரியா அரசியின் பெயரை இட்ட அருவிக்கு, அம்மண்ணின் மக்கள் வழங்கிய பெயர் ‘மோசி-ஓவா-துன்யா’. முழங்கும் புகை என்பது அதன் பொருள். தருமபுரியிலும் சாம்பசிக் கரையிலும் மக்கள் புகையைக் கண்டனர். பயண நூலார் விழுதலைக் கண்டனர்.

குறத்தியின் மற்றொரு பாடலில் அருவி முத்துகளைக் கழங்குகளாகக் கொண்டு ஆடுகிறது, முற்றமெங்கும் பரவுகிறது, பெண்களின் சிற்றிலை வாரிக்கொண்டு ஓடுகிறது. கழங்காடுதல் பெண்களின் விளையாட்டு. சிற்றில் சிதைத்தல் பிள்ளைத்தமிழில் ஆண்பாற் குழந்தையின் குறும்பு. ஒரே அடியின் இரு முனைகளில் அருவி இருபாலாரின் விளையாட்டையும் ஆடிவிடுகிறது. கவிராயரின் நுட்பத்துக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. உரைகளில் இது போதிய கவனம் பெறவில்லை. ‘அருவி’ உயிருள்ள எழுவாயாக நிற்க முடிவதனாலேயே இந்நயம் இயல்கிறது. வகுப்பறைக் குறிப்புகளில் ‘அருவி – நீர்வீழ்ச்சி’ எனச் சொற்பொருள் எழுதப்படும்போது மாணவர் இழப்பது அச்சொல்லின் அழகை மட்டுமன்று. அப்பாடலின் எழுவாயையே இழக்கின்றனர்.

‘தேனருவி’ என்னும் சொல்லும் கருதத்தக்கது. செண்பகாதேவிக்கு மேலே உள்ள அருவியின் இயற்பெயர் அது. பாறையிடுக்கில் தொங்கும் தேனடைகளிலிருந்து வழியும் தேனின் பெருக்கு எனவும் அது விரியும். பாடலில் இரு பொருளும் உடன் நிற்கின்றன. ‘தேன் நீர்வீழ்ச்சி’ என மாற்றினால் நீர் குறுக்கே வந்து இரண்டாம் பொருளைத் தடுத்துவிடும்.

பெயரும் நிகழ்வும்

குற்றாலத்தில் தண்ணீர் ‘விழுகிறது’ என்றே மக்கள் பேசுகின்றனர். ஆனி, ஆடி மாதங்களில் தென்காசி, செங்கோட்டைப் பேருந்துகளில் ‘அருவியில தண்ணி விழுதா?’ என்னும் வினாவைக் கேட்கலாம். எனவே ‘விழு’ என்னும் வினை அருவிக்கு அயலானது எனக் கூற இயலாது. ஆனால் அவ்வினாவின் அமைப்பு நோக்கத்தக்கது. அருவி இடம், தண்ணீர் எழுவாய், விழுதல் வினை. அருவி என்றும் உண்டு; தண்ணீர் விழுவது பருவத்தைப் பொறுத்தது. தென்மேற்குப் பருவக்காற்று தளர்ந்தால் ‘அருவி வறண்டது’ என்கின்றனர். நாளிதழ்கள் ‘அருவிகளில் நீர்வரத்து குறைந்தது’ என்கின்றன. நீரே இல்லாத பாறையும் அருவியாகவே இருக்கிறது. ‘நீர்வீழ்ச்சி வறண்டது’ என்னும் தொடரோ நிகழாத நிகழ்வு வறண்டதாகக் கூறுகிறது. ஆண்டின் சில மாதங்களே நீர் மிகும் ஒரு நிலத்தில், நிகழ்வைப் பெயராக்கும் சொல்லைவிட இடத்தைப் பெயராக்கும் சொல் நிலைத்திருப்பதற்கு இதுவே காரணம் எனலாம்.

‘ஐந்தருவி’ என்பதும் இவ்வகையில் ஆங்கிலத்தோடு முரண்படுகிறது. பாறைமுகட்டில் ஐந்து கிளைகளாகப் பிரிந்து இறங்கும் ஒரே நீருக்கு அது பெயர். தமிழில் ஒருமையாகவே நடக்கும். ஆங்கிலத்தில் ‘ஃபைவ் ஃபால்ஸ்’ ஆகி, அதிலிருந்து மீண்டும் தமிழுக்கு வந்த ‘ஐந்து நீர்வீழ்ச்சிகள்’ என்னும் தொடர் தனித்தனியாக ஐந்து இடங்கள் இருப்பதாக மயங்க வைக்கிறது.

உருவகத்திலும் இவ்வேறுபாடு தொடர்கிறது. கண்ணீர் அருவியாகப் பெருகும். பேச்சு அருவியெனக் கொட்டும். பெண்குழந்தைக்கு அருவி என்று பெயரிடுவர். 2017ஆம் ஆண்டு வெளிவந்த திரைப்படம் ஒன்று தன் நாயகியின் பெயராகிய ‘அருவி’ என்பதையே தலைப்பாகக் கொண்டது. நீர்வீழ்ச்சி இவற்றுள் எதற்கும் பயன்படவில்லை. நூற்றாண்டுக் கணக்கில் பாடநூலில் இருந்தாலும் உருவகமாக முடியாத சொல் மொழியின் மேற்பரப்பிலேயே மிதக்கிறது என்பது இக்கட்டுரையின் கணிப்பு.

எனினும் நீர்வீழ்ச்சிக்குத் தனக்கெனக் களம் உண்டு. கேத்தரின் நீர்வீழ்ச்சி, லாஸ் நீர்வீழ்ச்சி, கொடைக்கானலின் வெள்ளி நீர்வீழ்ச்சி என மலைவாழிடங்களில் அச்சொல் உறுதியாக நிற்கிறது. அங்கே ஆங்கிலப் பெயர் முதலில் வந்தது. தமிழ் அதனைத் தொடர்ந்தது. சுருளி, கும்பக்கரை, திற்பரப்பு, பாபநாசத்தின் அகத்தியர் அருவி ஆகியவற்றில் நிலை வேறு. பாபநாசத்திலேயே பாணதீர்த்தமும் கல்யாணதீர்த்தமும் உள்ளன. நீராடுதலின் புனிதத்தை முன்னிறுத்தும் ‘தீர்த்தம்’ விழுதலையோ ஓடுதலையோ பொருட்படுத்தாத மற்றொரு பெயரிடு முறை. ஆழியாற்றின் ‘மங்கி ஃபால்ஸ்’ இன்று கவியருவி எனப்படுகிறது. கவி குரங்கையும் குறிக்கும், புலவனையும் குறிக்கும். ‘குரங்கு நீர்வீழ்ச்சி’யில் கிடைக்காத சிலேடை அது.

எல்லைக்கு அப்பால்

அருவி என்றால் உயரத்திலிருந்து செங்குத்தாக இறங்கும் நீர் என்னும் வரையறையும் முழுமையானதன்று. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பகுதியோடு இருந்த செங்கோட்டையைக் கடந்து கணவாய் வழியே சென்றால் ஆரியங்காவு. அதனை அடுத்துப் பாலருவி. மலையாளத்தில் ‘அருவி’ இன்று சிற்றோடையைக் குறிக்கும். அருவிக்கு அவர்கள் வழங்குவது ‘வெள்ளச்சாட்டம்’, அதாவது நீரின் பாய்ச்சல். அதனால் அவ்விடம் ‘பாலருவி வெள்ளச்சாட்டம்’ என இரட்டைப் பொதுப்பெயரோடு எழுதப்படுகிறது. இலங்கையில் மல்வத்து ஓயா தமிழில் அருவி ஆறு எனப்படும். மன்னார்ச் சமவெளியில் அது ஓடும் ஆறே. கன்னடத்தின் ‘அப்பி’ அருவியைக் குறிக்கும். மடிக்கேரியை அடுத்த அப்பி, ஆங்கில எழுத்துக்கூட்டலில் துறவிமடத்தைக் குறிக்கும் ‘ஆபி’யோடு மயங்கிப்போனது.

இச்சான்றுகளை ஒருங்கே நோக்கினால், அருவி என்பதன் பொருள்மையம் ஓடும் நீர் என்பது புலப்படும். குன்றில் அது இறங்குகிறது, சமவெளியில் நடக்கிறது. உயரம் சூழலால் பெறப்படுவது, சொல்லால் பெறப்படுவதன்று. அகராதிகள் அருவிக்கு ‘வாட்டர்ஃபால்’ எனப் பொருள் தரும்போது தவறிழைக்கவில்லை. ஆயின் ஒரு பகுதியை முழுமையாகக் காட்டுகின்றன. அப்பகுதியையே மீண்டும் தமிழாக்கி நீர்வீழ்ச்சி எனக் கொண்டு சங்கப்பாடலுக்குப் பொருள் எழுதுகையில் குறுக்கம் இருமடங்காகிறது. குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் அருவியில் ஆடிப் பூக்கொய்யும் காட்சியை மாணவர் பலர் ஆபத்தான உயரமுடைய ஓரிடமாகக் கற்பனை செய்துகொள்வது இதனால்தான். அருவியாடுதல் சங்க காலத்தில் இயல்பான நீராட்டு. சிற்றருவியில் குழந்தைகளோடு நிற்கும் குடும்பத்தினரை நினைத்துக்கொள்வது அப்பாடலுக்கு நெருக்கமானது.

உரையும் மொழிபெயர்ப்பும்

பதிப்பாசிரியரும் உரையாசிரியரும் செய்யக்கூடியது அதிகமில்லை; ஆயினும் உண்டு. முதலாவது, அருவி இன்றும் வழக்கிலுள்ள சொல்லாதலின் அதற்குச் சொற்பொருளே எழுதத் தேவையில்லை. விளங்கும் சொல்லுக்கு விளங்காத பொருள் தருவது அருஞ்சொற்பொருள் பகுதிகளின் பழைய நோய். புவியியற் பாடநூல் நிலவுரு உருவாகும் முறையை விளக்குமிடத்தில் நீர்வீழ்ச்சியைக் கலைச்சொல்லாக வைத்துக்கொள்ளலாம். பாறையின் கடினத்தன்மை வேறுபாட்டால் நீர் விழும் நிகழ்வே அங்குப் பேசுபொருள் என்பதால் தொழிற்பெயர் பொருந்தும். இலக்கிய உரை அக்கலைச்சொல்லை இரவல் பெற வேண்டியதில்லை.

ஆங்கிலத்தில் குறவஞ்சியை ஆக்குவோருக்குத் தொல்லை கூடுதல். தேனருவியின் அலை வானோக்கி எழுவதைச் சொல்லும் அடியில் ‘வாட்டர்ஃபால்’ என எழுதினால், விழுவது எழுகிறது என்னும் முரண்தொடை ஒன்று மூலத்தில் இல்லாத இடத்தில் தோன்றிவிடும். ஆங்கில வாசகர் அதனைப் புலவரின் திட்டமிட்ட நயமாகப் பாராட்டவும் கூடும். கவிராயர் அங்கே முரணை நாடவில்லை. நீரின் மிகுதியைச் சொன்னார். கதிரவனின் தேரையும் வழுக்கவைக்கும் மிகுதி. ‘காஸ்கேட்’, ‘டொரென்ட்’ ஆகியவற்றுள் இரண்டாவது, வேகமாகப் பெருகும் நீரைக் குறிப்பதால், இவ்வடிக்கு நெருங்கி வருகிறது. ஆயின் அதில் அழிவின் சாயல் உண்டு. குறத்தியின் பெருமிதம் அதில் கேட்காது. ‘அருவி’ என்பதை அப்படியே ஒலிபெயர்த்து வைத்து, முதல் வருகையில் மட்டும் ஒரு குறிப்புத் தருவது இப்போதைக்கு ஏற்கத்தக்க வழி. குற்றாலத்தின் மற்றொரு சொல்லாகிய ‘சாரல்’ இதே சிகிச்சையை வேண்டி நிற்கிறது. சங்கப்பாடலில் மலைச்சரிவு, குற்றாலத்தில் காற்றோடு வரும் மென்தூறல், அரசு நடத்தும் சாரல் திருவிழாவில் பருவம் முழுமைக்கும் பெயர். தூறல் என்று ஒரு சொல்லில் அதனை முடித்துவிடும் பதிப்புகளே மிகுதி.